ஆழியாறுக்கு மேலே ஒரு ஆங்கில நாவல்

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மாடியில், எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு நாள் பின்காலனியம், அதாவது வெள்ளைக்கார ஆட்சி போன பிறகும் நம்மிடம் விட்டுப்போனதைப் பற்றிப் பேசுகிற பாடம். வால்பாறைப் பெண் ஒருத்தி நோட்ஸில் இருந்த வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சரி, உங்க ஊர்ல இருந்து ஒரு உதாரணம் சொல்லும்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்க பாட்டி எஸ்டேட் மேனேஜரை இன்னும் தொரைன்னுதான் சார் சொல்லும். அவரு மதுரைக்காரரு."

அன்றைக்கு நோட்ஸை மூடி வைத்துவிட்டுப் பேசினோம்.

இந்தப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் பம்பாய் இருக்கிறது, கல்கத்தா இருக்கிறது, லண்டனும் இருக்கிறது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருகிற வால்பாறைத் தேயிலைக் காடு இல்லை. அந்தக் காட்டைப் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு நாவல் இருக்கிறது. தோட்ட மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ', 1969இல் வந்தது. கோவை இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அதில் என்னை உலுக்கியது வெள்ளைக்காரத் துரை இல்லை. ஆள் பிடிக்க வருகிற மேஸ்திரிதான். பஞ்சத்தில் கிடக்கிற கருப்பனிடம் நம் பாஷையில், நம் சிரிப்போடு பேசி, கையில் முன்பணத்தைத் திணிக்கிறானே, அவன். மலையேறிய பிறகு அந்தக் காசு அடைபடவே அடைபடாது. கூலியில் பிடித்தம், மறுபடி கடன், நடுவில் காய்ச்சல், சாவு. துரையின் சவுக்கைவிட அந்த முன்பணம்தான் இறுக்கிக் கட்டுகிறது.

ஆங்கிலத்தில் எழுதுகிற இன்றைய நம் நாவலாசிரியர்களில் அமிதாவ் கோஷை நான் திரும்பத் திரும்பப் படிப்பதும் இதற்காகத்தான். 2008இல் வந்த 'சீ ஆஃப் பாப்பீஸ்' 1838இல் நடக்கிற கதை. காஜிப்பூர் அபின் தொழிற்சாலை, மொரீஷியஸுக்குக் கூலிகளை ஏற்றிப்போகும் கப்பல். கப்பலின் முதலாளியும் கேப்டனும் வெள்ளைக்காரர்கள். ஆனால் சாதி மீறிச் சேர்ந்து ஓடிவந்து அதில் ஏறிய தீத்தியும் காலுவாவும் நடுங்குவது பைரோ சிங் என்கிற சுபேதாரைப் பார்த்து. அவன் தீத்தியின் புருஷன் வீட்டுச் சொந்தம். கடல் தாண்டியும் சாதி கூடவே வருகிறது.

அருந்ததி ராயின் 'காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலில் தாழ்த்தப்பட்ட சாதித் தச்சன் வெளுத்தா அடித்துக் கொல்லப்படுவது 1969இல். துரைமார் போய் இருபத்திரண்டு வருசம் ஆகிவிட்டது. வெளுத்தா வேலை செய்த குடும்பத்துத் தாத்தாவோ சாகிற வரை மூன்று துண்டு சூட்டைக் கழற்றவில்லை.

வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டினான் என்று மட்டும் எழுதுகிற நாவல் எனக்குப் போதவில்லை. சுரண்டினான், அதில் சந்தேகமே இல்லை. அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது யார், கணக்கு எழுதியது யார், அவன் போனதும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தது யார்? இதையும் அதே பக்கத்தில் எழுதுகிறவர்தான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்தில் எழுதினால் அந்நியமாகிவிடும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டேனியல் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதைத் தமிழில் படித்தபோது ஊர்ப் பேச்சு ஊருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்தப் பெண்ணுக்கு 'எரியும் பனிக்காடு' கொடுத்தனுப்பினேன். லீவுக்கு ஊருக்குப் போனவள், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஐம்பது வருசம் கொழுந்து பறித்த மனுஷி. மேஸ்திரி வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னதாம்.

"அவன் எந்த ஊருக்காரன்னு போட்டிருக்கா, பாரு."