சொத்துரிமை வரை சரி, அதற்கு மேல்?

அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் தன்னல நோக்கையும் கிறிஸ்தவ விழுமியத்தையும் ஒரே அரசியலில் சேர்க்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. சொத்துரிமை வரை சேரும். 1891 சுற்றுமடலில் போப் 13ஆம் லியோ தனிச்சொத்தை ஆதரித்தார். நியாயக் கூலியையும் அதிலேயே கேட்டார். ராண்டோ நாத்திகர், பிறருக்காகத் தன்னைப் பலிகொடுப்பதே தவறு என்றவர். அப்புறம் சிலுவைக்கு என்ன வேலை?

சொத்துரிமை மட்டும் போதாது என்பதற்கு ராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பாருங்கள். விசைப்படகு கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியேதான் மடி (இழுவலை) இழுக்கணும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. மீறிக் கரையோரம் இழுத்தால் நாட்டுப்படகுக்காரர் வலை அறுபடும். அது சொத்துச் சேதம், ராண்டும் கண்டிப்பார். அதே மடியில் குஞ்சு மீன் அழிவதற்கு யார் கேட்பது? மீன் யார் சொத்தும் இல்லையே! 'கடலைப் பங்கு போடு' என்பார்கள் ராண்டின் ஆதரவாளர்கள். நீந்தித் திரிவதற்கு எங்கே வரப்பு கட்ட?