தோல் கழலை நோயும் பால் பற்றிய வதந்தியும்

2022-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது, நோயுற்ற மாட்டின் பாலைக் குடித்தால் மனிதருக்கும் கொப்புளம் வரும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது பொய். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாக மாட்டுக்கு மாடு பரவும் இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. பாலை வழக்கம்போல் காய்ச்சிக் குடித்தால் போதும்.

உண்மையான இழப்பு மாடு வளர்ப்பவருடையது. காய்ச்சலில் தீவனத்தைத் தொடாமல், தோலெங்கும் முண்டுமுண்டாய்க் கழலை எழுந்து நிற்கும் பசுவுக்குப் பால் சட்டென்று குறையும், சினையும் கலையலாம், பிழைத்தாலும் தழும்பேறிய தோல் நல்ல விலைக்குப் போகாது. அந்த நிலையில், தொழுவத்தில் மிஞ்சிய நல்ல மாட்டின் பாலையும் விலைபோகாமல் செய்வது இத்தகைய வதந்திதான். நோய் தாக்காத மாடுகளுக்கு அப்போது ஆட்டம்மைத் தடுப்பூசி (இதே இன வைரஸால் ஆடுகளுக்கு வரும் அம்மைக்கானது) போடப்பட்டது.