தண்ணீர் ஏன் கலங்கி வருகிறது என்று கேட்டால் ஊர் மானம் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதப்போவதில்லை. தெற்குத் தெரு அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பைப்புல தண்ணி கலங்கலா வருது, வாடை அடிக்குது, சின்னப் புள்ளைங்களுக்கு வயித்தால போகுது, டேங்க் எப்பக் கழுவுனாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா" என்று கேட்டார். யாரையும் திட்டவில்லை. எந்தக் கட்சியையும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழிக்கப்பட்டது. "ஊர் மானத்தை வாங்க வேண்டாம்" என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அப்புறம் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டார்கள். அந்த எச்சரிக்கைக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்தான். ஊரில் ஒருவர் தன் கஷ்டத்தை நாலு பேர் முன்னால் சொல்லி உதவி கேட்பதால் ஊர் மானம் போகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரூப்பில் இதுவரை என்னென்ன வந்திருக்கிறது என்று மேலே தள்ளிப் பாருங்கள். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். வடக்குத் தெருவில் ஒருவரின் கன்றுக்குட்டி கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, கழுத்தில் சிவப்புக் கயிறு, கண்டால் சொல்லவும் என்று வந்திருக்கிறது. சப்ஸ்டேஷனில் பராமரிப்பு வேலை, நாளைக்குச் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது, மோட்டார் போடுகிறவர்கள் இன்றே போட்டுக்கொள்ளுங்கள் என்று வந்திருக்கிறது. தஞ்சாவூர் மெடிக்கலில் ஒருவருக்கு ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம் என்று ராத்திரியில் கேட்டிருக்கிறார்கள். ரத்தம் கொடுக்க முதலில் கிளம்பிப் போனவன் தெற்குத் தெருப் பையன். இவை எல்லாமே கேட்பதும் சொல்வதும்தானே? அப்போதெல்லாம் யாருக்கும் ஊர் மானம் ஞாபகம் வரவில்லை. கன்றுக்குட்டி எங்கே என்று கேட்கலாம், குடிக்கிற தண்ணீர் ஏன் நாறுகிறது என்று கேட்கக் கூடாதா?

எங்கள் அப்பா இருந்த காலத்தில் தண்ணீர்ச் சேதி ஊருக்குள் எப்படி வரும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நமக்குக் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறந்தாலும், கல்லணையில் பிரித்துப் புது ஆற்றில் விட்டு, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை எல்லாம் தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். சில வருஷம் வந்தே சேராது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போவார். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களை நிறுத்தி, "உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா, எவ்வளவு ஓடுது" என்று கேட்பார். அவர்கள் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள். குனிந்து காலைத் தொட்டுக் காட்டுவார்கள். கணுக்காலைத் தொட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். முழங்காலைத் தொட்டால் விதை நெல்லை ஊறப்போடலாம். அப்பா நேராக வீட்டுக்கு வர மாட்டார். டீக்கடையில் நிறுத்திச் சொல்வார், வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்வார், தெற்குத் தெரு முனையில் நின்று குரல் கொடுத்துவிட்டு வருவார். தண்ணீர் விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டில் பெரிய தப்பு. அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தண்ணீரைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்ணின் குரலை அழித்துவிட்டார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

2018 நவம்பர் 16ஐ நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, நம் தென்னந்தோப்புகளை எல்லாம் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. நான் அப்போதும் சிங்கப்பூரில்தான் இருந்தேன். அம்மா ஓட்டு வீட்டில் தனியாக. டவர் இல்லை, கரண்ட் இல்லை, யாருக்கு அடித்தாலும் போகவில்லை. எங்கள் பகுதிப் பையன்கள் எல்லாரும் டார்மிட்டரி மாடிப்படியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தெற்குத் தெருத் தம்பி ஒருவன். டிவிஎஸ் எக்ஸெல்லை விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே தூக்கித் தூக்கி வைத்து, சிக்னல் கிடைக்கிற இடம் வரை போயிருக்கிறான். கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் பின்பக்கத்தில், வீடு வீடாகப் போய் எழுதி வாங்கிய போன் நம்பர்கள். "அண்ணே, அம்மா நல்லா இருக்காங்க. ஓடு பூரா போயிருச்சு, ஆளுக்கு ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்கோம். வச்சிர்றேண்ணே, இன்னும் நிறைய பேருக்குச் சொல்லணும்." அவ்வளவுதான் பேசினான். தன் வீட்டுக் கூரை பறந்து கிடந்ததை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தான் என்று பிறகு அம்மா சொன்னார்.

அவன் எந்தத் தெரு, எந்த ஆள் என்று பார்த்து நம்பர் எழுதவில்லை. வடக்குத் தெரு, கீழத் தெரு எல்லா நம்பரும் அந்தப் பத்திரிகையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரல் போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அவன் அன்றைக்கு அழைத்துச் சொன்னான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் வீட்டுக்கு வருவதும் அதே டேங்க் தண்ணீர்தான்.

சரி, மறுப்புச் சொல்கிறவர்களுக்கு வருகிறேன். அதை ஏன் அழித்தீர்கள் என்று நேற்று நான் கேட்டதிலிருந்து இன்பாக்ஸில் நிறைய வந்துவிட்டது.

"கண்டதையும் பேசவிட்டால் வதந்தி பரவும்" என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய் அந்த அளவுக்குப் போனது. அதனால் கவனம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா யாரைப் பற்றியும் எதையும் பரப்பவில்லை. தன் வீட்டுக் குழாயில் வருவதைச் சொன்னார், டேங்க் கழுவிய தேதியைக் கேட்டார். கழுவிய தேதியை டேங்கிலேயே பெயின்ட்டில் எழுதி வைப்பது வழக்கம்தானே? யாராவது போய் அதை ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் வதந்திக்கு ஏது இடம்? அதைச் செய்ய ஒருவருக்கும் மனசு வரவில்லை. அழிப்பதற்கு மட்டும் கை வந்தது.

"வெளியூர்க்காரன் பார்த்தால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பான்" என்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் என்ன நடந்தது என்று தெரியாதா? பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் டேங்கில் ஏறிப் பார்த்தார்கள். அதில் மலம் கலந்திருந்தது. நம் ஊரிலும் அப்படி என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். நம் ஊரில் வெறும் பாசியாக இருக்கலாம், பைப் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்று ஒரு தாய் சொன்னால் முதலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஊர்ப் பெயரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"குரூப்பை ஆரம்பித்தவர் இஷ்டம்" என்பவர்களுக்கு, அப்படியென்றால் அதற்கு ஊர்ப் பெயரையும் கோயில் கோபுரப் படத்தையும் வைக்காதீர்கள். இதற்கு மேல் அதில் பேச எதுவும் இல்லை.

"கேட்டது சரி, கேட்ட விதம் சரியில்லை" என்று என் பெரியப்பா மகனே எழுதியிருக்கிறான். அந்த வாய்ஸ் மெசேஜைப் பல தடவை கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. பின்னால் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது. வேறு எந்த விதத்தில் கேட்டிருக்க வேண்டும், தம்பி? வடக்குத் தெரு பெரியவர் ஒருவர் போன மாதம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது என்று இதே குரூப்பில் எழுதிய வார்த்தைகளை நான் இங்கே போட முடியாது. அவ்வளவு கோபம், அவ்வளவு நியாயமான கோபம். அன்றைக்கு யாராவது விதம் பார்த்தீர்களா? குரூப்பைப் பூட்டினீர்களா?

"கிராம சபை எதற்கு இருக்கிறது, அங்கே போய்க் கேட்கட்டும்" என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்த கூட்டத்தை 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் வயிற்றால் போகிற பிள்ளை தேசியக் கொடி ஏற்றுகிற நாள் வரை காத்திருக்குமா? கூட்டம் எப்படி நடக்கிறது என்று நான் லீவில் வந்தபோது பார்த்திருக்கிறேன். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான தலைக்கணக்குக்கு நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் ஆள். அவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். சாமியானாவுக்குள் நாற்காலியில் இருக்கிறவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். ஒரு அம்மா எழுந்தார். "இரும்மா, கடைசியில சொல்லலாம்" என்றார்கள். கடைசி என்பது டீ கொடுக்கும்போது வந்தது. இன்னொன்று, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. முன்பாவது தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று கேட்கலாம். தனி அலுவலரை எந்தத் திண்ணையில் தேடுவது? பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி, அதையும் பூட்டிவிட்டீர்கள்.

எழுத எழுத எனக்கு வேறொருவர் ஞாபகம் வருகிறது. என் சின்ன வயதில் ஊரில் எந்தச் சேதி என்றாலும் தண்டோராதான். கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வந்திருக்கிறது, நாளைக்கு ஊர்க்கூட்டம், தெருவில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது, இன்னார் இறந்துவிட்டார். தெற்குத் தெருத் தாத்தா ஒருவர் வெயிலில் தெருத் தெருவாக அடித்துச் சொல்லிக்கொண்டு போவார். ஒவ்வொரு முனையிலும் நின்று ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்வார். கொட்டடிக்கும் கையில் சுண்டுவிரல் வளைந்து அப்படியே நின்றுவிட்டது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரின் சேதி முழுக்க அவர் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரு குறை இருந்தால் அதை எந்தத் தெரு முனையில் நின்று அவர் சொல்லியிருப்பார்? ஊர்க்கூட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டவர் கூட்டத்தில் ஓரமாக நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு தண்டோராவை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் மைக் கட்டிச் சொல்லுங்கள் என்றார்கள். தண்டோரா போனது நல்லது, மனசாரச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் முதல் தடவையாகத் தன் சேதியைத் தானே சொன்னபோது, அதை அழிக்க இவ்வளவு அவசரம் என்ன?

இனி என்னைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். "சிங்கப்பூரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்லாதே" என்று எழுதியவரை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணே, நான் வேலை பார்ப்பது கப்பல் பட்டறையில். நீங்கள் கும்பாபிஷேகத்துக்கு என்னிடம் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கிற பணம், கேட்டு அழைத்தபோது நான் ஊர்க்காரனாக இருந்தேன். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கேட்டபோதும் ஊர்க்காரன்தான். ஒரு கேள்வி கேட்டவுடன் எப்படி வெளியூர்க்காரன் ஆனேன்? எனக்கு அது வலித்தது, மறைக்க விரும்பவில்லை. அக்காவுக்கு அதைவிட அதிகம் வலித்திருக்கும். அவர் புருஷன் போன பிறகு ஊரில் அவருக்கு அரை வரி. அரை வரி என்றால் பாதிச் சுமை என்று நினைத்தால் தப்பு. அரை வரி கட்டுகிறவர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தால் "உங்க வீட்டு ஆம்பளைய வரச் சொல்லும்மா" என்பார்கள். மூத்த பையனுக்கு வயது பதினொன்று. அவனையா வரச் சொல்வார்? கூட்டத்தில் பேசக் கூடாது, குரூப்பில் பேசக் கூடாது, குழாயடியில் பேசினால் புறணி என்பீர்கள். அந்தப் பெண் வேறு எங்கே பேசுவார்?

குரூப்பைத் திறந்துவிடுங்கள். அக்காவிடம் யாராவது ஒருவர், கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவர், நேரில் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். அடுத்த கிராம சபையில் டேங்க் விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுத வைக்கலாம், அதற்கான மனுவை நான் தயார் செய்து அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அவசரமாக ஒன்று: டேங்க் கழுவிய தேதி தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். தெற்குத் தெருவில் வேறு எந்தெந்த வீட்டில் பிள்ளைகளுக்கு முடியவில்லை என்பதையும் எழுதுங்கள், சுகாதார நிலையத்து நர்ஸிடம் மொத்தமாகச் சொல்லிவிடலாம். இங்கே யார் எழுதியதையும் அழிக்க மாட்டேன். அதுவரைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், போன் இல்லாத வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கள்.