ஆப்ல வரலைன்னா வேலையே பார்க்கலையா?

நேற்று நம் அங்கன்வாடிப் பணியாளர் குரூப்பில் சுற்றிய சிவப்புப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மையம் திறக்காதவர்கள்" என்று தலைப்பு போட்டு, பெயரோடு, ஊரோடு. அதில் நானும் உண்டு. திருத்தச் சொல்லிக் கேட்டேன். "ஆப்ல காட்டலைன்னா நான் என்னம்மா பண்றது" என்று மேலதிகாரியின் பதில்.

பொறுமையாகவே சொல்கிறேன். மையம் திறந்திருந்தது. பிள்ளைகள் வந்தாயிற்று, உதவியாளர் அக்கா குக்கர் ஏற்றியாயிற்று. வராதது நெட் மட்டும்தான்; அதனால் ஆப்பில் பதிய முடியவில்லை.

நான் எங்கே நிற்கிறேன் என்று அந்த ஆப்புக்குத் தெரியும். என்ன செய்கிறேன் என்று தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் என் உழைப்புக்கு மார்க் போடுகிறார்கள்.

அதிகாரியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் ஏய்ப்பவர்கள் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். நூறு நாள் வேலைக்கு, வந்தவர்களைக் காட்ட தினமும் இரண்டு போட்டோ ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். சண்டிகரில் தூய்மைப் பணியாளர் மணிக்கட்டில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டினார்கள். எங்களுக்கு 2021இல் போஷன் டிராக்கர் வந்தது, மையத்து வேலையைப் பதிகிற ஆப். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்குபவர்களின் முகத்தையும் போனில் பிடித்து ஆதாரோடு பொருத்த வேண்டும். ஏசி ரூமில் இருக்கும் யார் மணிக்கட்டிலாவது வாட்ச் கட்டினார்களா?

முகம் பிடிக்கும் கூத்தைக் கேளுங்கள். தோப்புத் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடம் போன காலத்தில் ரெட்டை ஜடையோடு எடுத்த முகம். "கண்ணைச் சிமிட்டும்மா" என்றேன், சிமிட்டினாள். "வெளிச்சத்துக்கு வா" என்றேன், வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. பொருந்தவில்லை என்கிறது போன். சரி, ஓடிபி? அந்த நம்பர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம். மாவுப் பாக்கெட் என் கையிலேயே இருக்கிறது. கொடுத்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை. தாய்க்குப் பால் கொடுக்கும் முறை சரியாகப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டிவிட்டு வந்தேன். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

உடனே வருவார்கள், "ஒழுங்கா வேலை பார்த்தா ஏன் பயம்?" என்று. பயம் இல்லை அண்ணா, எரிச்சல். "திறக்காத மையங்களும் இருக்கே?" இருக்கின்றன. நேரில் போய்ப் பாருங்கள், நடவடிக்கை எடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஏமாற்ற நினைப்பவனுக்கு ஆப்பை ஏமாற்றவும் தெரியும். நூறு நாள் வேலை ஆப்பில் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்கு என்ன வழி சொன்னார்கள் தெரியுமா? ஏற்றிய போட்டோக்களை ஆள் வைத்துச் சரிபார்ப்பது! ஆளை நம்பாமல் ஆப், ஆப்பை நம்பாமல் மறுபடியும் ஆள்.

போன பதிவில் ஒரு பெரியவர், "என் மகன் வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கிறான், மவுஸ் அசைகிறதா என்றுகூடக் கண்காணிக்கிறார்கள், அவன் புலம்பவில்லையே" என்று எழுதியிருந்தார். அவனுக்கு லேப்டாப் கம்பெனி கொடுத்தது சார். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை. என் போன் நான் தவணையில் வாங்கியது. ரீசார்ஜும் நானே. என்னைக் கண்காணிக்கும் செலவும் என் தலையில்.

மத்திய அரசின் கணக்கில் நாங்கள் இன்னும் கௌரவ ஊழியர்கள்தான். அவர்கள் 2018இல் வைத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். நம் மாநிலம் சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதால் இங்கே கொஞ்சம் மூச்சு விடுகிறோம். குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் 2022இல் ஜெயித்தார்கள். உரிமை கேட்டால் தன்னார்வத் தொண்டு, ஜிபிஎஸ் போட்டுப் பார்க்க மட்டும் ஊழியரா?

அப்புறம் ஒன்று. மையத்து எடை மிஷின் பழுது என்று எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது. கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள். மேலே என்றால் எந்த மாடி, எந்த மேஜை? அதற்கும் ஒரு ஆப் விடுங்களேன். ஃபைல் யார் மேஜையில் தூங்குகிறது என்று லொகேஷனோடு, போட்டோவோடு, தினமும் பத்து மணிக்குள் குரூப்பில் போடட்டும்.