வக்கீல் தொழிலை விட்டு எழுத வருகிறவர்களுக்கு

வக்கீல் வேலையை விட்டுத் தமிழுக்கு வந்தவர் என்றால் உடனே எஸ். வையாபுரிப் பிள்ளை பெயர்தான் வரும். 1926-இல் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியராகச் சென்னைக்குப் போனார். சரி, ஆனால் அவர் போனது பல்கலைக்கழகப் பொறுப்புக்கு. ராயல்டியை நம்பி அல்ல. 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்று, 10 சதவீதம் ஒழுங்காகக் கைக்கு வந்தாலும் 7,500 ரூபாய்தான். கணக்கு இவ்வளவு சிறியது என்பதை யாரும் முதலில் போட்டுப் பார்ப்பதில்லை.

எழுதுவதற்காகத் தொழிலை விட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 51-ஆவது விதி பத்திரிகை எழுத்து, ஒலிபரப்பு, சொற்பொழிவு, கற்பித்தல் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. முழுநேரச் சம்பள வேலையாக இருக்கக் கூடாது, தொழிலுக்கு விளம்பரமாகவும் ஆகக் கூடாது.

இல்லை, விடத்தான் போகிறேன் என்றால் முதல் வேலை ராஜினாமாக் கவிதை எழுதுவதல்ல, வழக்குக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவது. சிவில் வழக்கில் வக்காலத்து, அதாவது கட்சிக்காரர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம், தானாகக் காலாவதி ஆகாது. கோர்ட் அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொள்ளாதவரை உங்கள் பெயரில்தான் நிற்கும். நீங்கள் நாவலில் மூழ்கியிருக்க, வாய்தாவுக்கு ஆளில்லாமல் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார், அவர் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்கு எதிர்க்கட்சியின் ஆட்சேபம் என்று இழுக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தாள்: அடுத்த வாய்தா, வழக்கு எந்தக் கட்டத்தில், அசல் பத்திரங்கள் கோர்ட்டிலா ஆபீஸிலா, வாங்கிய ஃபீஸ் எவ்வளவு. அசலைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தரவேண்டும். பாக்கி ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறகு மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தொழில் நிறுத்தக் கடிதம், கூடவே அசல் என்ரோல்மென்ட் சான்றிதழ். உணர்ச்சிவேகத்தில் வக்கீல் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கச் சொல்லாதீர்கள். நிறுத்தி வைத்தவர் அபிடவிட்டோடு விண்ணப்பித்துத் திரும்பி வரலாம். நீக்கியவருக்கு அந்த வழி எளிதல்ல.

பலர் சறுக்குவது ரகசியத்தில். கட்சிக்காரர் நம்பிச் சொன்னது தொழிலை விட்ட பிறகும் ரகசியம்தான். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதாது. பாகப்பிரிவினையில் எந்தத் தம்பி எந்தக் கிணற்றைக் கேட்டான் என்பதை வைத்தே அந்தக் குடும்பம் கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக நடை. 'மேற்படி' ஒரே மாதத்தில் போய்விடும். போகாதது சாட்சி வாக்குமூலம். குறுக்கு விசாரணையில் கேட்கிற கேள்வி தனியாகப் பதிவாவது அபூர்வம், பதிலே அதை விழுங்கிவிடும்: "நான் அன்று சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல." இரண்டு பேர் மோதிக்கொண்டது ஒருவர் வாயில் ஒரு வரியாகிவிடுகிறது. இதிலேயே ஊறியவர்கள் கதை எழுதினால் பாத்திரங்கள் எல்லாம் கூண்டில் நின்றே பேசும். தீர்ப்புகளில் வெளிவந்த இப்படிப்பட்ட பத்து வரிகளை எடுத்து, கேட்டவன் குரலையும் சொன்னவன் குரலையும் பிரித்து எழுதிப் பாருங்கள். கேள்வி கேட்டவன் எந்த இடத்தில் நிறுத்தினான், சாட்சி எப்போது தண்ணீர் கேட்டான் என்பதையும் சேர்த்து.