எல்லை தாண்டி வந்த வெள்ளைக் குருணை

உங்கள் கட்டுரையில் அகமதாபாத் விமான விபத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டியதுதான். ஆனால் 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 சரக்குக் கப்பலுக்கு இரண்டே வரிதான். மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள் என்பதோடு முடிந்துவிட்டது.

நான் குமரி மாவட்டக் கடற்கரை ஊரான நீரோடிக்காரன். எங்கள் ஊரைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அந்தக் கப்பலில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. 12-இல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், தீப்பிடிக்கும். குமரிக் கரைக்கு வந்து சேர்ந்ததோ அந்தக் கப்பலில் இருந்த பிளாஸ்டிக் குருணை, பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருள். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் எத்தனை தடவை சலித்தாலும் முழுசாகப் போகாது, மக்கவும் செய்யாது. முட்டை என்று நினைத்து மீன் தின்னும். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கைக் கரையை மூடியதும் இதே குருணைதான்.

அப்புறம் மீன் விலை. அம்மா மீன் கூடையை இறக்கினதுமே, வாங்க வந்தவர்கள் "இது அந்தக் கப்பல் கவுந்த பக்கத்து மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயம்.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது, சரி. கடலில் எல்லைக்கல் கிடையாதே. கொல்லங்கோடு முதல் குமரி முனை வரை எங்கள் கரையின் நஷ்டத்தையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்துக் கேட்க வேண்டும். அடுத்த கட்டுரையில் அதை எழுதுங்கள்.