பணம் மட்டும் போதாது
ஊருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தால் அணுக்கழிவுக் கிடங்கை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று கட்டுரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்வீடனின் வடக்கே ஸ்டோருமானில் 1995-இலும் மாலோவில் 1997-இலும் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். கழிவு நிறுவனமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மறுத்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் எந்த ஊரும் நிதானமாகப் பேச உட்காரும். அதே ஸ்வீடனில் 2020-இல் ஓஸ்தம்மர் நகராட்சி மன்றம் கிடங்குக்குச் சம்மதித்தது. சரி, அங்கே ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம் பல காலமாக இருக்கிறது, பலருக்கு அதில்தான் வேலை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், ஊர் மறுத்தாலும் சட்டம் போட்டு முடித்துவிடலாம் என்கிறார். அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள்: நெவாடா மாநிலத்தின் யக்கா மலைக்குள் கிடங்கு வேண்டாம் என்ற அம்மாநில ஆளுநரின் மறுப்பை 2002-இல் நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மலைக்குள் இன்னும் ஒரு பெட்டிக் கழிவுகூடப் போகவில்லை.